வகுப்பறைக்கு வெளியே ஒரு பட்டம்

பாடம் நடத்துவது ஓரிடம், தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது வேறோரிடம் என்னும் ஏற்பாடு இந்தியாவின் முதல் மூன்று பல்கலைக்கழகங்களோடு கூடவே பிறந்தது. 1857-ல் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் தொடங்கப்பட்ட அவை, 1836-ல் சாசனம் பெற்ற லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்டவை. தொடக்கத்தில் அவற்றுக்கு வகுப்பறை கிடையாது. பாடத்திட்டம் வகுப்பது, வினாத்தாள் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது, பட்டமளிப்பது ஆகியவற்றோடு அவற்றின் வேலை முடிந்தது. லண்டன் 1858-ல் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தக் கல்லூரியிலும் படித்திராதவரும் தன் தேர்வை எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்தார்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டை செமினரியில் கற்றவர்கள். சென்னையில் பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு முன்பே அவர்களுடைய படிப்பு முடிந்திருந்தது. புதிய பல்கலைக்கழகம் அவர்களுக்கு எதையும் கற்பிக்கவில்லை. ஏற்கெனவே கற்றிருந்ததைச் சோதித்து, இது பட்டத்துக்குப் போதும் என்று சான்று கொடுத்தது. பின்னாளில் கலித்தொகையை முதன்முதலில் பதிப்பித்தவர் இந்தத் தாமோதரம்பிள்ளைதான். எங்கே படித்தாய் என்று கேட்காமல் என்ன தெரியும் என்று மட்டும் கேட்கும் முறைக்கு, தமிழ் உலகம் காட்டக்கூடிய மிகப் பழைய, மிகச் சிறந்த சான்று அவர்.

நிஜாமின் ஹைதராபாத்தும் நெடுங்காலம் சென்னையின் தேர்வெல்லைக்குள் இருந்தது. 1887-ல் தொடங்கிய நிஜாம் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. மூசி ஆற்றங்கரையில் படித்தவர்களின் பட்டம் கூவத்தின் கரையில் முடிவாயிற்று. ஹைதராபாத்தில் வளர்ந்த சரோஜினி, பிற்காலத்துச் சரோஜினி நாயுடு, 1891-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷனில் தேறியபோது அவருக்கு வயது 12. ஹைதராபாத்துக்கென்று சொந்தப் பல்கலைக்கழகம் 1918-ல்தான் வந்தது. உஸ்மானியா தொடக்கம் முதலே பாடம் நடத்தும் பல்கலைக்கழகம்; பயிற்றுமொழி உருது. வெறும் தேர்வு நிலையமாக இருப்பது அதன் நோக்கமே அல்ல.

அதற்குள் காற்று திசை மாறியிருந்தது. வைஸ்ராய் கர்சன் காலத்தில் வந்த 1904-ம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம், மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட தேர்வுகளுக்கு இணைவுக் கல்லூரியின் வருகைச் சான்றைக் கட்டாயமாக்கியது. செனட் சிறப்பு உத்தரவு போட்டால்தான் விலக்கு. பிரைவேட்டாக எழுதுவது என்று தமிழ்நாட்டில் வழங்கிய முறை இந்த விலக்கின் இடுக்கில்தான் உயிரோடிருந்தது. பள்ளி ஆசிரியர்கள் அதில் நுழைந்து முன்னேறினார்கள்.

தமிழ்ப் படிப்புக்கு மட்டும் வேறொரு வழி திறந்தே இருந்தது. 1901-ல் தோன்றிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று படிப்படியாகத் தேர்வு வைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வையும் தனியாகப் படித்து எழுத முடிந்தது. திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்த மு. வரதராசன் அப்படித்தான் 1935-ல் வித்துவான் தேர்வெழுதி மாநிலத்தில் முதலாவதாக வந்தார்; திருப்பனந்தாள் மடத்தின் 1000 ரூபாய்ப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1939-ல் பி.ஓ.எல்., 1944-ல் எம்.ஓ.எல்., 1948-ல் முனைவர் பட்டம், 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பதவி. அந்தப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியதும் அதே 1971-ல்தான்.

மௌலா அலி என்னும் ஊர் இந்தக் கதைக்குள் வருவது ரயில் வழியாக. ஹைதராபாத்தின் வடகிழக்கே பாறைக் குன்று; உச்சியில் குதுப் ஷாஹி காலத்திலிருந்து மக்கள் ஏறிவரும் அலியின் தர்கா; அடிவாரத்தில் மஹ் லகா பாயின் கல்லறைத் தோட்டம். உருதுக் கவிஞரான மஹ் லகா பாய் 1792-ல் தன் தாய்க்காக எழுப்பிய கட்டடம் அது. 1824-ல் அவரும் அங்கேயே அடக்கமானார். அவருக்கு இருந்த அடிக்மெட் ஜாகீரில்தான் இன்றைய உஸ்மானியா வளாகத்தின் ஒரு பகுதி எழுந்தது என்பர். செகந்திராபாத்திலிருந்து காஜிப்பேட்டைக்குப் போகும் பாதை இந்தக் குன்றின் அருகே செல்கிறது. பக்கத்து லாலாகூடாவில் 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெட்டிப் பணிமனை வந்துவிட்டது. மௌலா அலியிலேயே டீசல் என்ஜின் ஷெட்டும், நிலைய மேலாளர் முதலான ஊழியர்களைத் தயார்செய்யும் மண்டல ரயில்வே பயிற்சி நிலையமும், ரயில்வே பாதுகாப்புப் படையின் பயிற்சி மையமும் பின்னர் வந்தன. 1966 அக்டோபர் 2-ல் தென் மத்திய ரயில்வே உருவானபோது, தெற்கு ரயில்வேயின் விஜயவாடா, ஹூப்ளிக் கோட்டங்கள் அதில் சேர்ந்தன. 1967-ல் மின்னணுவியல் நிறுவனமான இ.சி.ஐ.எல்.லும், 1970-களின் தொடக்கத்தில் அணு எரிபொருள் வளாகமும் அருகே எழுந்தன. வீட்டுவசதி வாரியத்தின் எச்.பி. காலனியும் தொழிற்பேட்டையும் ஊரின் எஞ்சிய இடத்தை நிரப்பின.

ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த இப்படிப்பட்ட ஊரில் பகல் கல்லூரி பெரும்பாலோருக்குக் கைக்கெட்டாத கனி. ஆனால் தேர்வு எழுதுவது அவர்களுக்குப் பழக்கமான காரியம். ரயில்வேயில் குரூப் சி ஊழியர் குரூப் பி அதிகாரியாக உயரும் இடங்களில் 30 விழுக்காடு துறைசார் போட்டித் தேர்வுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு வந்த தொழில்நுட்ப ஊழியருக்கு நாடு முழுதும் திறந்திருந்த பெரிய வாசல் ஏ.எம்.ஐ.இ. 1920-ல் தொடங்கிய இந்தியப் பொறியாளர் நிறுவனம் 1928 முதல் நடத்திவந்த தேர்வு இது. கல்லூரி இல்லை, வருகைப்பதிவு இல்லை. செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி என்று தாள் தாளாகத் தேறிக்கொண்டே போனால், மத்திய அரசு வேலைகளுக்கு அது பொறியியல் பட்டத்துக்கு ஈடாக ஏற்கப்பட்டது. குறைந்த கட்டணத்தில், சம்பளத்தை விடாமல், தேர்வை மட்டும் நம்பிப் பட்டத்துக்கு நிகரான தகுதி பெறும் முறைக்கு இந்தியாவில் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடையாது. அது முடிந்த விதமும் கவனிக்கத்தக்கது. 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அந்த ஈடு செல்லும் என்று மத்திய அரசு வரம்பு கட்டியது. பாடமும் தேர்வும் அப்படியே இருந்தன. ஏற்பு மட்டும் விலகிக்கொண்டது. தேர்வு வழிப் பட்டங்கள் ஒவ்வொன்றிலும் கடைசியில் வந்து நிற்கும் சிக்கல் இதுவே: தேறுவது மாணவர் கையில் இருக்கிறது, ஏற்பது மாணவர் கையில் இல்லை.

தேர்வு வழி எல்லாப் பாடங்களுக்கும் ஒன்றுபோல் பொருந்துவதில்லை; உளவியல் அப்படி ஒரு பாடம். இந்தியாவில் அது தனிப் பாடமாகத் தலையெடுத்தது 20-ம் நூற்றாண்டில். அதற்கு முன் தத்துவப் பட்டத்துக்குள் மனநூல், ஒழுக்கநூல் என்ற தாள்களாக அது அடங்கியிருந்தது. அந்த வடிவில் அதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டே படித்துத் தேறலாம். 1916-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் உளவியலுக்குத் தனித் துறை தொடங்கியதோடு ஆய்வுக்கூடமும் வந்தது. மைசூர் 1924-லும் சென்னை 1943-லும் அவ்வழியே சென்றன. ஆய்வுக்கூடம் வந்தபின் தனித்தேர்வருக்கு இப்பாடம் கடினமாயிற்று. முல்லர்-லயர் பலகையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கோட்டின் இரு முனைகளிலும் அம்புத்தலைகள் உள்நோக்கி மடிந்திருக்கும். இன்னொரு கோட்டில் இறகுகள் வெளியே விரிந்திருக்கும். இரண்டும் சமம் என்று தோன்றும் வரை ஒன்றை நகர்த்தும்படி எதிரில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். குட்டையிலிருந்து நீட்டி ஒருமுறை, நீளத்திலிருந்து குறைத்து ஒருமுறை, இடப்பக்கம், வலப்பக்கம் என்று முறை மாற்றி மாற்றிச் செய்யவைத்து, ஒவ்வொரு முறையும் பலகையின் பின்புறத்து அளவுகோலில் பிழையை மில்லிமீட்டரில் குறித்து, சராசரி காண வேண்டும். பலகையின் விலை பெரிதல்ல. ஆனால் எதிரில் ஓர் ஆள் உட்கார வேண்டும். அவரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொன்னால் விடை கெடும் என்று கற்றுக்கொடுக்க அருகே ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும். இந்த இரண்டும் தபாலில் வரா.

மௌலா அலி போன்ற ரயில்வே ஊருக்கு உளவியல் தேர்வின் உருவிலேயே பரிச்சயம். உதவி லோகோ பைலட் வேலைக்குப் பொது அறிவும் கணக்கும் தெரிந்தால் போதாது. கணினியில் நடக்கும் உளத்திறன் தேர்வு ஒன்றும் உண்டு. நினைவாற்றல், கட்டளையைப் பின்பற்றுதல், ஆழம் உணர்தல், கவனக் குவிப்பு, பார்வை விரைவு என ஐந்து தொகுதிகள். ஒவ்வொன்றிலும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தாக வேண்டும். ஒன்றில் சரிந்ததை மற்றொன்றால் ஈடுகட்ட முடியாது. சிக்னலைக் கண்ட கண்ணும் பிரேக்கைத் தொட்ட கையும் ஒத்துழைக்குமா என்று அளக்கும் இந்தத் தேர்வை எழுதுபவர்களுக்கு, அதன் பின்னால் இருக்கும் அறிவியலைப் படிக்கும் வழி நீண்ட காலம் எட்டவே இல்லை.

அந்த வழியைத் திறந்தது ஹைதராபாத்தில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு. 1962-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிவைத்திருந்தது. உஸ்மானியாவும் 1977-ல் தொடங்கியது. ஆனால் அஞ்சல்வழியில் சேரவும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று தேவை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1982 ஆகஸ்டில் பிறந்த ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அந்தத் தேவையையே தளர்த்தியது. 18 வயது நிரம்பியவர் பள்ளிச் சான்று இல்லாவிட்டாலும் ஒரு தகுதித் தேர்வு எழுதி, தேறினால் நேரே பட்டப்படிப்பில் சேர முடிந்தது. பாடநூல்கள் தெலுங்கில் எழுதப்பட்டன. அரசுக் கல்லூரிக் கட்டடங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புகள் நடந்தன. இதைக் கட்டியெழுப்பியவர் உஸ்மானியாவின் துணைவேந்தராக இருந்த ஜி. ராம் ரெட்டி. பஞ்சாயத்து ராஜ் பற்றி ஆராய்ந்த அறிஞர் அவர்; கடைக்கோடி கிராமத்தான் வரை அதிகாரம் போய்ச் சேருமா என்று ஆராய்ந்தவர், கல்வி போய்ச் சேருமா என்றும் கேட்டதில் வியப்பில்லை. 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சுருக்கமாக இக்னோ, தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தரும் அவரே. ஹைதராபாத்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1991-ல் டாக்டர் பி.ஆர். அம்பேத்கரின் பெயரைத் தாங்கியது. அம்பேத்கரின் பெயர் இங்கே வெறும் சூட்டுப் பெயர் அல்ல: வகுப்பறைக்கு வெளியே உட்காரவைக்கப்பட்டவர்களின் வாரிசுகளுக்கு, தனக்கென்று வகுப்பறையே இல்லாத பல்கலைக்கழகம் முதல் பட்டத்தைக் கொடுத்தது.

இந்தத் தாராளத்துக்கும் ஏற்புச் சிக்கல் வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் திறந்தநிலை முறையில் இளநிலைப் பட்டம் இல்லாதவர்க்கும் முதுநிலைப் பட்டம் கொடுத்துவந்தது. அப்படிப் பெற்ற பட்டம் செல்லாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்ற வரிசையில் வராத பட்டங்களைத் தமிழக அரசும் அதே ஆண்டு வேலைவாய்ப்புக்கு ஏற்க மறுத்தது. உழைத்துப் படித்த ஆயிரக்கணக்கானோர் கையில் பட்டத்தாள் இருந்தும் பதவி உயர்வை இழந்தார்கள். விதியை மீறியவை நிறுவனங்கள். விலை கொடுத்தவர்கள் மாணவர்கள்.

அமெரிக்கா இதே கேள்விக்கு வேறு விதமாக விடை கண்டது. கல்லூரி வாரியம் 1967-ல் தொடங்கிய கிளெப் தேர்வுகள் முழுப் பட்டத்தைச் சோதிப்பதில்லை. ஒரு பாடத்தை மட்டும் சோதிக்கின்றன. அவற்றில் உளவியல் அறிமுகம் ஒன்று: 90 நிமிடம், ஏறத்தாழ 95 கேள்விகள். 20 முதல் 80 வரையுள்ள அளவில் 50 எடுத்தால் 3 கிரெடிட் (படிப்பை அளக்கும் அலகு) கொடுக்கலாம் என்பது அங்குள்ள கல்வி மன்றத்தின் பரிந்துரை. மனித வளர்ச்சி, கல்வி உளவியல் ஆகியவற்றுக்கும் தேர்வுகள் உண்டு. இளநிலைப் பட்டத்துக்கு வேண்டியவை 120 கிரெடிட். 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட் மாநிலங்கள் இப்படிப்பட்ட கிரெடிட்களைச் சேர்த்துவைத்துப் பட்டம் கொடுப்பதற்கென்றே நிறுவனங்களைத் தொடங்கின. எந்தத் தாளைத் தேர்வில் முடிப்பது, எதை வகுப்பில் படிப்பது என்று முன்கூட்டியே திட்டமிட்டால், பட்டத்தின் செலவு வெகுவாக இறங்கும். அங்கும் உளவியலின் புள்ளியியல், ஆய்வு முறை, இறுதித் திட்டப்பணி போன்ற மேல்நிலைத் தாள்களுக்கு வந்தபின் தேர்வு வழி குறுகிவிடுகிறது.

இந்தியாவுக்குக் கிரெடிட் கணக்கைப் பரவலாகக் கொண்டுவந்தது இக்னோ. 30 மணி நேரப் படிப்பு ஒரு கிரெடிட். புத்தகம் படிப்பது, ஒப்படைப்பு எழுதுவது, ஒலிப்பதிவு கேட்பது எல்லாம் அந்த 30-க்குள் அடங்கும். அதன் முதுநிலை உளவியலுக்கு இரண்டு ஆண்டில் 64 கிரெடிட் வேண்டியிருந்தது. செய்முறைக்கும் களப்பயிற்சிக்கும் மட்டும் மாணவர் மையத்துக்கு நேரில் வந்தாக வேண்டியிருந்தது. முல்லர்-லயர் பலகை எழுப்பிய சிக்கலுக்கு இக்னோ கண்ட தீர்வு அது.

அமெரிக்கத் தேர்வு முறைக்கு மிக நெருங்கி வந்த இந்திய ஏற்பாடு சென்னையிலிருந்து கிளம்பியது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் அறிவியல் கழகமும் 2003-ல் தொடங்கி, சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைத்துவரும் இணையவழிப் பாடத் திட்டமான என்.பி.டெல்., 2014 முதல் சான்றிதழ்த் தேர்வுகளையும் நடத்துகிறது. பாடம் கேட்கக் கட்டணம் இல்லை. தேர்வுக்கு 1000 ரூபாய் என்ற அளவில் கட்டணம், பட்டியலினத்தவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதில் பாதி. எட்டு வாரப் பாடமானால் வாராந்திர ஒப்படைப்புகளில் சிறந்த ஆறுக்கு 25 மதிப்பெண், மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. தேர்வில் 30-ம் ஒப்படைப்பில் 10-ம் எடுத்தால்தான் சான்று. எட்டு வாரத்துக்கு 2 கிரெடிட், பன்னிரண்டு வாரத்துக்கு 3. உளவியல் பாடங்களும் இதில் நிறைய. 2017-ல் வந்த ஸ்வயம் தளம் இவற்றையெல்லாம் ஒரு கூரைக்குள் சேர்த்தது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் அனுமதித்தது. அதே ஆண்டு ஜூலையில் கல்விக் கிரெடிட் வங்கிக்கான விதிகளும் வெளிவந்தன. கிரெடிட்கள் மாணவர் பெயரில் அந்த வங்கியில் சேரும். ஆனால் அவற்றைப் பட்டமாக மாற்ற ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தில் அவர் மாணவராக இருந்தே ஆக வேண்டும். தேர்வுகளை மட்டும் அடுக்கிப் பட்டம் பெறும் வழி இந்தியாவில் உளவியலுக்கு எந்நாளும் முழுமையாகத் திறக்கவில்லை.

திறந்திருந்த பாதியும் 2025-ல் மூடியது. மருத்துவ உளவியலாளர்களை 1992-ம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழு பதிவு செய்துவந்தது. அதற்கான பயிற்சி எப்போதுமே நேரடிப் பயிற்சிதான். மௌலா அலிக்கு மேற்கே செகந்திராபாத்தின் மனோவிகாஸ் நகரில் 1984-ல் தொடங்கிய அறிவுசார் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் அப்படிப் பயிற்சி தரும் இடங்களில் ஒன்று. பிற உளவியலாளர்களையும் ஒழுங்குபடுத்த 2021-ல் துணை மருத்துவ, உடல்நலத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதைச் சுட்டிக்காட்டி, 2025 ஜூலை–ஆகஸ்ட் அமர்விலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், உணவு-ஊட்டச்சத்து அறிவியல் முதலிய படிப்புகளில் தொலைநிலையிலோ இணையவழியிலோ புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்று மானியக் குழு உத்தரவிட்டது. பல பாடங்கள் சேர்ந்த பி.ஏ.வில் உளவியல் பிரிவை மட்டும் நீக்கச் சொன்னது. துன்பத்தோடு வந்து எதிரில் உட்காருபவரைக் கையாளப் போகிறவர் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் பட்டம் பெறக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஆலோசகராகும் எண்ணமே இல்லாமல் ஆசிரியர் வேலைக்கும் பணியாளர் நிர்வாகத்துக்கும் தன் குழந்தையைப் புரிந்துகொள்ளவும் உளவியல் படிக்க விரும்பியவர்களுக்கும் அந்தக் கதவு சேர்ந்தே மூடிவிட்டது. அவர்களுக்காக ஒரு திட்டிவாசலையாவது விட்டுவைத்திருக்கலாம்.

இப்போது மௌலா அலியிலிருந்து குறைந்த செலவில் உளவியல் பட்டம் பெறப் புறப்படுபவருக்கு எஞ்சியிருப்பது பகல் கல்லூரி. தெலங்கானாவில் 2016 முதல் தோஸ்த் என்னும் ஒரே இணையப் பதிவு வழியாகப் பட்டப்படிப்புச் சேர்க்கை நடக்கிறது. உளவியலைப் பிற பாடங்களோடு இணைத்துத் தரும் கல்லூரிகளை அதிலேயே தேர்ந்துகொள்ளலாம். முதுநிலைக்கு, குன்றிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள உஸ்மானியாவின் கலைக் கல்லூரியில் உளவியல் துறை இருக்கிறது. அப்படிச் சேர்ந்தபின், கல்லூரி ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு ஸ்வயம் தேர்வுகளால் கிரெடிட் சேர்க்கலாம். வெளிநாட்டுத் தேர்வு வழிப் பட்டத்தை நாடுபவர், பணம் கட்டுமுன் இந்தியாவில் அதற்கு இணைநிலைச் சான்று கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். 2025 ஜூலைக்கு முன் தொலைநிலையில் சேர்ந்தவர்கள் தங்கள் பட்டத்தோடு மேற்படிப்புக்குப் போகும்போது, எந்த ஆண்டு சேர்ந்தார்கள் என்பதற்கான ஆதாரத்தைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. 2013 மே 31-க்குள் பதிவு செய்த ஏ.எம்.ஐ.இ.காரர்களுக்குக் கைகொடுத்தது அந்தச் சேர்க்கைத் தேதிதான்.